மருந்து என்ற சொல்லுக்கு நான் போட்ட டிக்

அன்று அறையில் இருந்தவர்கள்.

டெய்லரம்மா. எங்கள் மலையில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் தையல் கடை வைத்திருப்பவர். பிறந்ததிலிருந்து காது கேட்காது. எங்கள் சைகை அகராதியை ஆரம்பித்தவர் அவர்தான். அவர் கடையின் பின்னறையில்தான் படம் எடுப்போம்.

சடையன். தலைச்சோலைக்காரர். எஸ்டேட்டில் கூலி வேலை. அவருக்கும் காது கேட்காது. எழுதப் படிக்கத் தெரியாது.

தேவி. கல்லூரி முடித்த பெண். காது கேட்கும். லேப்டாப்பும் சொற்பட்டியலும் அவளிடம் இருக்கும்.

நான். எஸ்டேட் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். என் அக்காவுக்குக் காது கேட்காது. அதனால் சைகை எனக்குச் சின்ன வயதிலேயே வந்தது. அகராதியில் என் வேலை மூன்று. ஆட்களைக் கூட்டி வருவது, சொல்லைக் கேட்பது, போனைப் பிடிப்பது.

நாலு பேர்தான். வேறு யாரும் இல்லை. பிறகு நடந்ததற்கு வெளி ஆள் யார் மேலும் பழி போட முடியாது. அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

இனி போனை நீங்கள் பிடிக்கப்போகிறீர்கள். என் கை ஆடுகிறது. கை ஆடினால் படம் ஆடும். படத்தில் ஆடுவது சைகையா, போனா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. அதனால் விலகிக்கொள்கிறேன். வெளிச்சம் எங்கே வைப்பது, படத்தை எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் தேவி சொல்லித்தருவாள். எனக்குச் சொல்ல ஒரு சொல்தான் இருக்கிறது.

நம் அகராதி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லைத் தட்டினால் ஒருவர் கையால் அதைச் சொல்லிக் காட்டுவார். கீழே இரண்டு பெயர் இருக்கும். சைகையைக் கொடுத்தவர் பெயர் ஒன்று. காது கேளாத இன்னொருவர் அதைப் பார்த்து, சரி என்று தலையாட்ட வேண்டும். அவர் பெயர் இன்னொன்று. அதன் பக்கத்தில் ஒரு டிக். டிக் இல்லாமல் எதுவும் ஏறக்கூடாது. இது டெய்லரம்மா வைத்த சட்டம்.

படிக்கிறவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். காது கேளாத பிள்ளையைப் பெற்றவர்கள், டீச்சர், நர்ஸ், பஸ் கண்டக்டர். போன் நம்பர் கொடுத்து உள்ளே போக வேண்டும். ஒரு சொல்லைப் பழகி முடித்ததும் 'கற்றுக்கொண்டேன்' என்ற பச்சைப் பட்டனை அமுக்கினால் ஒரு கிளி பறக்கும். கிளி தேவியின் யோசனை.

அன்று 'ம' வரிசை. மணல், மண்வெட்டி, மதியம், மரம் எல்லாம் முடிந்தன. மூன்று மணிக்கே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த சொல் மருந்து.

எங்கள் சைகையைக் காட்டி அவர்களைக் கேட்கக் கூடாது. காட்டினால் அதையே திருப்பிச் செய்துவிடுவார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்தைக் காட்டுவோம். தெரியாதவருக்குப் படம். மருந்துக்குப் படம் எடுத்து வரவில்லை. நான் சடையனைப் பார்த்து வாயை நன்றாகத் திறந்து "மருந்து" என்றேன். அவருக்கு உதடு படிக்க வரும்.

அவர் உடனே செய்தார். இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் மேலும் கீழும் போனது. வலது கை முன்னால் விசிறியது. அழகான சைகை. ஒரே தடவையில் எடுத்துவிட்டேன்.

டெய்லரம்மா என் சட்டையை இழுத்தார். திரும்பிப் பார்த்தேன். ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். நான் ஜன்னலைக் காட்டி, பிறகு என்று கை காட்டினேன். அதற்குள் கடை வாசலில் ஜாக்கெட் வாங்க ஒரு அம்மா வந்து நின்றார். டெய்லரம்மா போய்விட்டார்.

தேவி கேட்டாள்: "ஏனுங்க தாத்தா, இதுக்கு டிக் யாரு?"

"டெய்லரம்மா பேரைப் போடு சாமி. பார்த்துட்டுத்தானே போனாங்க."

அவள் போட்டாள். அவள் மேல் தப்பில்லை. நான் சொன்னதைச் செய்தாள்.

மறுநாளும் டெய்லரம்மாவை நான் கேட்கவில்லை. அவருக்குத் தீபாவளித் துணி தைக்கிற அவசரம். இருவருக்கும் மறந்துபோனது.

சில மாதம் கழித்து ஒரு காலை நேரம். பதினொரு மணி இருக்கும். ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வீடியோ. நர்ஸ் கவிதா. மலையில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை செய்கிற பெண். யாரும் சொல்லாமலே நம் அகராதியைப் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் பார்த்துப் படித்தவள்.

"ஏனுங்ணா, சடையண்ணன் வந்திருக்காருங்க. நானே பேசிட்டேன்!"

குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"என்ன சொன்னாருங்க?"

"வாந்தி வருதாமுங்க. மருந்து வாயில போட்டேங்கறாரு. செரி, மருந்து போட்டாச்சு, பரவால்லன்னு பெஞ்சுல உக்கார வெச்சிருக்கேன். இன்னிக்குக் கூட்டம் நொம்ப இருக்குதுங்க. என்ன மருந்துன்னு மட்டும் கேட்டுச் சொல்லிப்போடுங்க."

போனைத் திருப்பினாள். சடையன் தெரிந்தார். வெளியே எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிற குளிர். அவர் முகம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் மேலும் கீழும் போனது. வலது கை முன்னால் விசிறியது. பிறகு அந்த வலது கை திரும்பி அவர் முகத்துக்கு வந்தது. வாய்க்கும் மூக்குக்கும்.

அங்கே படம் நின்றுபோனது. மலையில் சிக்னல் அப்படித்தான்.

எஸ்டேட்டில் வேலை பார்த்தவன் நான். முதுகில் டாங்க் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியை அடித்து, ஒரு கையால் குழலைப் பிடித்துச் செடிக்குப் பூச்சி மருந்து அடிப்பவர்களை முப்பது வருஷம் ஜீப்பில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற ரைட்டர் அவர்களிடம் சொல்வது ஒரே சொல்தான். "மருந்து." சடையன் ரைட்டரின் உதட்டில் தினமும் படித்த சொல் அது. நான் அன்று கேட்டதும் அதே உதட்டசைவில்தான். அவர் தெரிந்ததைச் செய்தார். சரியாகச் செய்தார்.

இதெல்லாம் அந்த நின்றுபோன படத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. ஆனால் உடனே வாய் திறக்கவில்லை. நான் போன் பிடித்து, நான் டிக் போட்டு, மருந்து என்று ஏற்றிய சைகை. அது மருந்து இல்லை என்றால் அகராதி தப்பு. நான் தப்பு. ஒருவேளை மாத்திரைக்கும் அவர் அதே சைகையைச் செய்வாரோ என்று யோசித்தேன். அப்படி இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் இருக்கும். அந்த நேரம் சும்மா இருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு சொன்னேன்.

"கவிதா, அது மாத்திரை இல்லீங்க. செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து. மூஞ்சியில பட்டிருக்குது. வாயிலயும் போயிருக்குது. டாக்டரைக் கூப்புடுங்க."

"ஏனுங்ணா, உங்க அகராதியிலதானுங்களே படிச்சேன். இதேதான் போட்டிருக்குது."

"போட்டது தப்புங்க."

"நல்லாத் தெரியுமுங்களா? படம் நின்னுபோச்சுங்களே."

"தெரியாதுங்க. தெரியாட்டியும் கூப்புடுங்க. அவரு சட்டையை மோந்து பாருங்க."

படம் நின்றபடியே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. செருப்பு ஓடும் சத்தம். அப்புறம் கவிதா "ஐயோ" என்றாள். அப்புறம் டாக்டர் குரல். "சட்டையக் கழட்டு! தண்ணி கொண்டா! இவரு எந்நேரமா இங்க உக்காந்திருக்காரு?"

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாற்பது நிமிஷம்.

இங்கே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சைகை பாதி தெரிந்து பாதி தெரியாத நேரம் உங்களுக்கும் வரும். டாக்டர் முன்னாலோ போலீஸ் முன்னாலோ நின்றுகொண்டிருப்பீர்கள். எது நல்லதோ அதைச் சொல்லத்தான் நாக்கு போகும். மோசமானதைச் சொல்லுங்கள். அது தப்பாக இருந்தால் நாலு பேர் நம்மைத் திட்டுவார்கள். அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. சடையன் கையைப் படிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். ஊசி கழன்றுவிடக் கூடாது என்று உடன் வந்த பையன் அவர் இரண்டு கையையும் பட்டையால் கம்பியோடு கட்டினான்.

"தம்பி, ஒரு கையை அவுத்து விடுங்க."

"ஏனுங்க, ஆட்டிப்போட்டாருன்னா ஊசி வந்துருமுங்க."

"ஊசி இல்லாத கையை அவுத்து விடுங்க. அவருக்கு அதான் வாயி."

பையன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். வலது கையை அவிழ்த்துவிட்டான். இருபது கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவில் சடையன் சொன்னார், குழல் வெடித்தது, மூஞ்சியில் அடித்தது, துடைத்துக்கொண்டேன், தண்ணீர் தொட்டி தூரம். எட்டாவது வளைவில், வீட்டில் சொல்லிவிடு என்றார். பத்துக்கு மேல் கை தூக்க முடியவில்லை. விரல் மட்டும் என் மணிக்கட்டில் இருந்தது.

சேலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சாயங்காலம் தேவிக்குப் போன் செய்தேன். "மருந்துன்னு இருக்கறதை அழிச்சுப்போடு கண்ணு." அழித்தாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அது இரண்டாவது தப்பு.

மறுநாள் காலை மலை ஏறி நேராகத் தையல் கடைக்குப் போனேன். டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தேவி அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் காட்டியும் இருந்தாள். டெய்லரம்மா கையால் சொன்னதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அவர் கை நம் வாயைவிடக் காரம்.

"அதுல என் பேரு இருக்குது. டிக்கும் இருக்குது. நான் தலையாட்டலையே. என் தலை உங்க கழுத்து மேலயா இருக்குது?"

"தப்புதானுங்க."

"அன்னிக்குச் சட்டையப் புடிச்சு இழுத்தேன். அது செடிக்கு அடிக்கிறதுன்னு சொல்ல வந்தேன். பனி வருது, பனி வருதுன்னீங்க. பனி வந்துதா?"

"வந்துதுங்க."

"நல்லா வந்துது."

கொஞ்ச நேரம் துணியை மடித்தார். நான் சொன்னேன், அதை அழித்துவிட்டோம், இனி யாரும் பார்க்க முடியாது என்று.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். எனக்கு யாராவது பாடம் சொல்லித்தந்தார்கள் என்றால் அது அவர்தான்.

"படிச்சவங்க கையிலிருந்து அழிச்சாச்சா?"

மடித்த துணியைத் தள்ளி வைத்தார்.

"கவிதா ஒரு ஆளுதான் படிச்சாளா? இன்னும் எத்தனை பேரு, எந்த ஆஸ்பத்திரியில, யாரைப் பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க?"

தேவியைக் கூப்பிட்டோம். பச்சைப் பட்டனை அமுக்கியவர்களின் பட்டியல் லேப்டாப்பில் இருந்தது. அழித்த பக்கத்துக்கும் பட்டியல் மட்டும் தங்கும் என்றாள். அந்தச் சொல்லுக்குக் கிளி பறக்கவிட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

முதலில் பக்கத்தைத் திரும்பப் போட்டோம். மருந்து என்று இல்லை. பூச்சி மருந்து என்று. கொடுத்தவர் சடையன். சைகையில் குற்றம் இல்லை, பெயரில்தான் குற்றம் என்றார் டெய்லரம்மா. மாத்திரை மருந்துக்குத் தனியாக ஒரு படம் எடுத்தோம். இரண்டுக்கும் மேலே என் படம்.

அதை அவரே எடுத்தார். என்னை ஸ்டூலில் உட்கார வைத்துப் போனைப் பிடித்தார். நான் கையால் சொல்ல வேண்டியது மூன்று வரி. இந்தச் சைகைக்கு மருந்து என்று பெயர் போட்டது தப்பு. இது செடிக்கு அடிக்கிற விஷம். தலையாட்டாதவர் பெயரில் டிக் போட்டது நான்.

மூன்றாவது வரியில் தலை குனிந்துவிட்டது. நிறுத்தினார். "மூஞ்சி தெரியணும்." திரும்ப எடுத்தோம். திரும்பக் குனிந்தேன். ஆறாவது தடவை சரியாக வந்தது. இன்றும் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

மெசேஜ் அனுப்பினால் போதும் என்றாள் தேவி. டெய்லரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கையில் ஏறியதைக் கையால்தான் இறக்க வேண்டும், ஆளைப் பார்த்து, சரியானதைச் செய்து காட்டி, அவரைத் திருப்பிச் செய்யச் சொல்லி, அதன் பிறகுதான் பெயரில் கோடு போட வேண்டும் என்றார். கோடு போடும் வேலை எனக்கு இல்லை. தேவிக்கு.

கவிதா முதல் ஆள். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் செய்துவிட்டு அழுதாள். "நான் சிரிச்சுக்கிட்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனேனுங்ணா. மருந்து போட்டாச்சுன்னா நல்லதுதான்னு." ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு கண்டக்டருக்கு ஓடுகிற பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தோம். "நான் டிக்கெட் கிழிக்கறதுங்களா, கை ஆட்டறதுங்களா?" என்றார். இரண்டு ஸ்டாப்புக்குள் இரண்டையும் செய்தார். செம்மநத்தத்தில் ஒரு அப்பா. மகளுக்குக் காது கேட்காது. அவரிடம் மருந்து என்றதும் விழித்தார்.

"சொல்லு எதுவும் நெனப்பில்லீங்க. அந்தப் பட்டனை அமுக்குனா கிளி பறக்குதுங்களே. பாப்பாவுக்குக் கிளின்னா உசுரு. இருக்கற அத்தனைக்கும் அமுக்கியுட்டேன்."

"பாப்பா அந்த மருந்தைச் செய்யுதுங்களா?"

"ஏ கண்ணு, தாத்தாவுக்கு மருந்து செஞ்சு காட்டு."

ஐந்து வயது. இடது கையை இடுப்பில் வைத்து அழகாக அடித்தது.

அன்று வேறு ஊருக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். பாப்பா பட்டியலில் இல்லை. அதன் பெயரையும் எழுதினோம். அதன் பிறகு எங்கே போனாலும், நீங்கள் யாருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டோம். ஒரு டீச்சர் தன் வகுப்புக்கே சொல்லிக்கொடுத்திருந்தார். இருபத்தொரு பிள்ளைகள். நாற்பத்து மூன்று அறுபத்தைந்தானது.

சடையன் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் விரல் மரத்துப்போனது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்புகிறது. சைகை குழறுகிறது. அவர் சொல்வதை நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அவர்தான் எங்களில் வேகம்.

தலைச்சோலைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வெயிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கையும் சொன்னேன். டீ குடித்தபடி சும்மா இருந்ததை அவரிடமும் சொல்லவில்லை. இப்போது இதை எழுதியிருக்கிறேன். டெய்லரம்மா படித்து அவருக்குச் சொல்லுவார்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, விரலை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னார்.

"நீ எந்த மருந்துன்னு கேக்கல."

ஆமாம் என்றேன்.

"நான் சரியாத்தான் சொன்னேன்."

ஆமாம் என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அவர் மனைவி களி போட்டுக் கொண்டுவந்தார். சாப்பிட்டேன்.

அதன் பிறகு மொத்தப் பட்டியலையும் முதலிலிருந்து பார்த்தோம். ஒரு சொல் இரண்டு பொருள் தருவது நம் தமிழில் எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படி என்று கேட்டதற்கு ஒருவர் ஏறி இறங்கிக் காட்டியிருந்தார். படிக்கிற படி இல்லவே இல்லை. நூல் என்று தேவி பட்டியலில் எழுதியது புத்தகம். அதற்குப் படத்தில் டெய்லரம்மாவே ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் மெஷின் மேல் இருந்த பாபின் உருண்டு விழுந்தது. "என்னையும் ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சுப் படம் எடுங்க" என்றார். எடுத்தோம். அவர் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

நீங்கள் சொல்லை வாயால் கேட்காதீர்கள். யாருக்கு, எங்கே, எதற்கு என்று கேளுங்கள். ஒருவர் சட்டையை இழுத்தால் போனை நிறுத்துங்கள். பனி இறங்கினால் இறங்கட்டும். நாளைக்கு எடுக்கலாம்.

பட்டியல் தேவியிடம் இருக்கிறது. கோடு விழுந்த பெயர்கள் ஐம்பத்தாறு. மற்றவர்களில் சிலர் நம்பர் மாற்றிவிட்டார்கள். ஒரு நர்ஸ் எந்த ஊருக்கு மாறிப் போனார் என்று தெரியவில்லை. சிலர் போனை எடுப்பதில்லை. அவர்கள் கையில் அந்தச் சைகை இன்னும் மருந்துதான். தேடுங்கள்.

ஒன்பது பேர்.